மங்கிப்போன தாய்மாமன்

ஆல்பம் செயலியின் உதவி மையத்தில் பத்து வருஷமாக இருக்கும் பிரமிளாவுக்கு, படம் மங்கலாகத் தெரிகிறது என்று யார் கூப்பிட்டாலும் முதலில் வருவது சிரிப்புதான்.

இந்த முறை கூப்பிட்டது கோவில்பட்டி ராசாத்தி. மகளின் காதுகுத்துப் படங்கள் நானூற்றிலும் ராசாத்தியின் அண்ணன் மட்டும் தெரியவில்லை. குழந்தை ஏதோ புகைமூட்டத்தின் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டிருந்தது.

“போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் பாத்துட்டேன் மேடம். நாளைக்குப் பிள்ளை, ‘யாரு மடியில உக்காந்தேன்’னு கேட்டா என்னத்தச் சொல்ல?”

“போன்ல ஒண்ணும் இல்லைங்க. உங்க அண்ணன் கோவிச்சுக்கிட்டு, ஆல்பத்துல தன் முகத்தைக் காட்டக் குடுத்த அனுமதியைத் திரும்ப வாங்கிட்டார். அன்னிக்கு அவரைப் பந்தியில உட்கார வெச்சது யாரு?”

ராசாத்தி யோசித்தாள். “வீட்டு ஆளுதானே, அவரே உக்காந்திருப்பாருன்னு…”

“உட்கார்ந்திருக்க மாட்டார். பசியோட போயிருப்பார். வீட்டுக்குக் கூப்பிட்டு, இலை போட்டு, நீங்களே பரிமாறுங்க. சரியாயிடும்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராசாத்தி திரும்பக் கூப்பிட்டாள். குரலில் ஒரே கும்மாளம்.

“மேடம், ரெண்டாவது தடவை பாயசம் ஊத்துனேன், நானூறு படத்துலயும் அண்ணன் பளிச்சுன்னு வந்துட்டாரு! மீசை முடியை எண்ணலாம்!”

பிரமிளா புகாரை முடித்துவைக்கப் போனாள்.

“ஆனா மேடம், இப்ப மதினி மங்கிட்டாங்க.”

“அண்ணனை மட்டும்தான் சாப்பிடக் கூப்பிட்டீங்களா?”

 மறுமுனையில் அரிசி களையும் சத்தம் கேட்டது.