அரிசிக்குள்

வாஷிங் மெஷினில் போடுமுன் ஒவ்வொரு துணியின் பையையும் தடவிப் பார்ப்பது இந்திராணியின் வழக்கம். அப்படித்தான் கணவனின் போன் கைக்கு வந்தது. அதற்குப் பூட்டுகூடக் கிடையாது; அவனுக்கு அவள்மேல் அவ்வளவு அலட்சியம். உள்ளே அவள் தங்கை வசுமதி இருந்தாள்: பேருந்து நிறுத்தத்தில், அலுவலக வாசலில், விடுதி ஜன்னலில். ஒரு படத்தில்கூட வசுமதி கேமராவைப் பார்க்கவில்லை. இந்திராணி போனைச் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்து மெஷினை ஓடவிட்டாள்.

"பாக்கெட்டைப் பாக்க மறந்துட்டேங்க" என்று அவள் அழுதபோது அவன் திட்டவில்லை. அரிசி ஈரத்தை இழுத்துவிடும் என்று போனை அரிசி டிரம்முக்குள் புதைத்தான். அன்றிலிருந்து உலைக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் அது விரலில் தட்டுப்பட்டது. பல்லியைத் தொட்டவள்போல் கையை இழுத்துக்கொள்வாள்.

இன்று கைவிட்டபோது அரிசி நடுங்கியது. அவள் போனை டிரம்மின் அடிவரைக்கும் அழுத்தினாள். அங்கிருந்தும் உறுமியது. திரும்பினாள். சமையலறை வாசலில் இன்னொரு போனைக் காதில் வைத்தபடி அவன் நின்றிருந்தான்.

"ராத்திரி எடுத்து சார்ஜ் போட்டு வெச்சேன். ரிங் போகுது" என்றான், மெதுவாக. "ஏன் இந்திரா, பாக்கெட்டைத் தடவாம நீ என்னைக்காவது துணி போட்டிருக்கியா?"