வயிறு எப்படி இருக்கு, அண்ணே?

போன் அடித்ததும் லிஃப்ட் மெக்கானிக் தொண்டையைக் கனைத்து, குரலில் கொஞ்சம் சோர்வை ஏற்றிக்கொண்டார்.

"வயிறு எப்படி இருக்கு, அண்ணே?" என்றாள் நர்ஸம்மா.

"எங்க சிஸ்டர்... இன்னைக்கும் சரியாப் போகல."

பச்சைப் பொய். விடிந்ததும் சுகமாகப் போய்விட்டு வந்து, குளித்து, வரப்போகிற போனுக்காகத் தலைகூடச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர் அவர்.

இத்தனைக்கும் பொய் சொல்கிற ஆள் இல்லை. வேலையில் இருந்த காலத்தில் கரண்ட் போய் யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால், கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை பார்ப்பார். சும்மா சமாதானத்துக்கு "இதோ ஆச்சு" என்று சொல்ல மாட்டார். எவ்வளவு நேரம் பிடிக்குமோ அதைத்தான் சொல்வார். அப்பேர்ப்பட்டவரை வயிறு பொய்யராக்கிவிட்டது.

எல்லாம் கிட்னியால் வந்த வினை. கிட்னி பாதிக்கு மேல் களைத்துவிட்டது என்று சொன்ன டாக்டர், மருந்தை எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தார். டாக்டரோ வயிற்றைப் பற்றியே குடைந்து குடைந்து கேட்டார். மலம் உள்ளேயே தங்கினால் குடலில் இருக்கிற கிருமிகள் வேண்டாத கழிவுகளை உண்டாக்கும், அது ரத்தத்தில் ஏறும், ஏற்கெனவே தள்ளாடுகிற கிட்னி அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும், அதனால் வயிற்றைச் சரியாக வைத்துக்கொள்வதும் வைத்தியம்தான் என்று விளக்கினார். தினமும் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸம்மா போன் செய்து விசாரிப்பார் என்றும் சொன்னார்.

முதலில் கூச்சமாக இருந்தது. பெற்ற பிள்ளையிடமே பேசாத விஷயத்தை முன்பின் தெரியாத பெண்ணிடம் எப்படிப் பேசுவது? போகப்போகப் பழகிவிட்டது. பழகிய பிறகு ஒன்றைக் கண்டுபிடித்தார். "நல்லாப் போச்சு" என்றால் சந்தோஷம் அண்ணே என்று அவள் வைத்துவிடுவாள். "போகல" என்றால் லேசில் விட மாட்டாள். நேற்று என்ன சாப்பிட்டார், காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்தாரா, டாக்டர் சொன்ன அளவுக்குத் தண்ணீர் குடித்தாரா, நடந்தாரா, தூங்கினாரா என்று துருவுவாள். கடைசியில் பேச்சு வயிற்றை விட்டு எங்கெங்கோ போய்விடும். செத்துப்போன மனைவிக்கு இருட்டென்றால் பயம் என்பதைக்கூட ஒருநாள் அவளிடம் சொல்லியிருக்கிறார்.

மனைவி போன பிறகு, தூங்கினீங்களா என்று அவரைக் கேட்கிற ஒரே ஜீவன் இந்த நர்ஸம்மாதான். மகன் வாராவாரம் பேசுவான். "ஒண்ணும் பிரச்சினை இல்லையேப்பா?" என்று பதிலையும் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பான். அவரும் இல்லை என்பார். அப்புறம் அந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் மட்டும்தான் சத்தம் போடும்.

அன்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. போன தடவைக்கு எவ்வளவோ தேவலை என்றார். வயிற்றைப் பற்றிக் கேட்டார். டாக்டரிடம் பொய் சொல்ல அவருக்குத் துணிச்சல் இல்லை. நன்றாகவே போகிறது என்று ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொண்ட பிறகுதான் பகீரென்றது. தயங்கித் தயங்கி, "போன் பண்ற சிஸ்டர்கிட்ட இதைச் சொல்லிடாதீங்க டாக்டர்" என்றார்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த சிஸ்டர்? அந்தப் போன் வேலையையே நிறுத்தி எத்தனையோ மாசம் ஆச்சே. அந்த அம்மாவும் ரிட்டயர் ஆகிட்டாங்க."

வீடு வந்து சேர்ந்தவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலையில் இல்லாத ஒரு பெண், தனிக்கட்டையான ஒரு கிழவன் மேல் இரக்கப்பட்டு, தினமும் மெனக்கெட்டு விசாரிக்கிறாள். அவளிடமே பொய் சொல்லியிருக்கிறார். நினைக்க நினைக்க உடம்பு கூசியது. அவளுக்கும் குடும்பம், பேரன் பேத்தி என்று ஆயிரம் இருக்கும், இனியாவது நிம்மதியாக இருக்கட்டும், உண்மையைச் சொல்லி விட்டுவிடலாம் என்று முடிவு செய்தார். அதற்கப்புறம் தனக்கு எப்படிப் பொழுது விடியும் என்று யோசித்தபோது அழுகை வந்துவிட்டது. அழுதார். பார்க்க யாரும் இல்லாததால் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட அவசரப்படவில்லை.

மறுநாள் காலை போன் வந்தது. வழக்கமான கேள்வியும் வந்தது.

"சிஸ்டர், கோவிச்சுக்காதீங்க. எனக்கு வயிறு நல்லாத்தான் போகுது. இன்னைக்கு நேத்து இல்ல, பல மாசமாவே. உங்ககூடப் பேசணும்னுதான் பொய் சொன்னேன். நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்கன்னு நேத்துதான் தெரிஞ்சுது. எனக்காக இனிமே நீங்க சிரமப்பட வேண்டாம்மா."

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். வைக்கவில்லை. மறுபடி காதில் வைத்தபோது மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அண்ணே, ஒருத்தருக்கு இத்தனை மாசமா வயிறு சரியில்லன்னா, உடனே டாக்டரைப் போய்ப் பாருங்கன்னு சொல்லணும். காலமெல்லாம் நர்ஸா இருந்தவளுக்கு அதுகூடவா தெரியாது?" என்றாள் அவள். "நான் ஒரு நாள்கூட உங்ககிட்ட அதைச் சொல்லல, கவனிச்சீங்களா? நீங்க குணமாயிட்டா, அப்புறம் நான் யாருக்குண்ணே போன் பண்றது?"