இடி வாங்கியவருக்கே தண்டம்

மனித குலத்தின் நீதி வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய அந்தச் செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகாலுக்கு, இடிபட்ட அப்பாவிகள் அத்தனை பேர் சார்பாகவும் டெல்பர்ட் ஹாஸ்டெட்லர் இன்சூரன்ஸ் ஏஜெண்டின் மேஜைமேல் ஒரு கடிதத்தை ஓங்கி அறைந்தார். மேஜையிலிருந்த மிட்டாய்க் கிண்ணம் ஓர் அங்குலம் துள்ளிவிட்டு, இதெல்லாம் பழக்கம்தான் என்பதுபோல மறுபடி உட்கார்ந்தது.

ஓஹயோவின் சின்ன ஊர் ஒன்றில், உயர்நிலைப் பள்ளித் துணை முதல்வராக இருபத்தாறு வருடம் கோலோச்சி ஓய்வு பெற்றவர் அவர். ஏஜெண்ட் டெனிஸ், அந்தப் பள்ளியில் சூயிங்கம் மென்று அவரிடம் மாட்டியவள். இப்போதும் அவர் தலையைக் கண்டதும் வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கினாள்.

"டெனிஸ், இது என்ன?"

"அடுத்த ஆறு மாசத்துக்கான பிரீமியம் சார்."

"எனக்குப் படிக்கத் தெரியும். இருநூத்திப் பத்து டாலர் ஏத்தியிருக்கீங்களே, அது என்ன? முப்பத்தொரு வருஷமா என் பேர்ல ஒரு கரும்புள்ளி உண்டா? வீட்ல இருக்கிற ரெண்டு காரையும் ஒரே பாலிசியில போட்டு, தள்ளுபடி வாங்கி, உன் கம்பெனியே கதின்னு கிடக்கேன். அதுக்கு இதுவா மரியாதை?"

பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி நார்மா, "விட்டுத் தொலைங்களேன். வீட்டுக்குப் போகலாம், ஆப்பிள் கேக் செஞ்சு வெச்சிருக்கேன்" என்றாள்.

"ஆறு வாரமா ஆப்பிள் கேக்காப் போட்டே கொல்றே! நான் இங்க நியாயம் பேசிக்கிட்டிருக்கேன்."

அந்த நியாயத்தின் வயதும் ஆறு வாரம்தான். சர்ச்சில் வருவோரை வரவேற்று உட்கார வைக்கும் குழுவுக்கு டெல்பர்ட் தலைவர். ஆண்டவரே சற்றுத் தாமதித்தாலும் அவர் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுவார். நார்மா முடி சீவி முடித்துத் தன் காரில் பின்னால் வருவாள். அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்து பார்த்தால், அவர் காரின் பின்பக்கம் நசுங்கி, பம்பர் தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் வண்டியிலேயே இல்ல! உள்ள ஜெபத்துல இருந்தேன்! இடிச்சவன் யோக்கியனா இருந்தா வைப்பர்ல பேரும் நம்பரும் எழுதி ஒரு சீட்டாவது செருகிட்டுப் போயிருக்க மாட்டான்?"

"உங்க மேல தப்பில்லைன்னுதான் சார் பதிஞ்சிருக்கோம்."

"பதிஞ்சு என்ன புண்ணியம்? ஒரு தடவை இடிபட்டவன் இன்னொரு தடவையும் இடிபடுவான்னு ஜோசியம் பாத்து ஏத்துவீங்களாமே!"

"சில கம்பெனிங்க ஏத்தும் சார். நாங்க ஏத்துறதில்ல. நீங்க இடிபட்டதுக்கு ஒரு சென்ட்கூட ஏத்தலை."

"அப்ப இந்த இருநூத்திப் பத்து?"

டெனிஸ் தொண்டையைச் செருமினாள். "இடிச்சவங்க மறுநாள் காலையிலேயே எனக்கு போன் பண்ணி ஒப்புக்கிட்டாங்க சார். அவங்களும் நம்ம கம்பெனியிலதான் இருக்காங்க. இது அவங்க இடிச்சதுக்கு ஏத்தினது."

டெல்பர்ட் கடிதத்தை எடுத்து இன்னொரு முறை பார்த்தார். பிறகு, பரீட்சையில் பிட் அடித்தவனைக் கையும் களவுமாகப் பிடித்த அந்தப் பழைய ஒளி அவர் முகத்தில் படர்ந்தது.

"ஆக, இடிச்சவன் தண்டத்தை விலாசம் மாத்தி என் வீட்டுக்கு அனுப்பியிருக்கீங்க!"

டெனிஸ் மிட்டாய்க் கிண்ணத்தை நார்மா பக்கம் நகர்த்தினாள். நார்மா நிதானமாக ஒன்றைப் பொறுக்கிக் காகிதத்தைப் பிரித்தாள்.

"பேரைச் சொல்லு டெனிஸ்! சொல்லலேன்னா தலைநகர் கொலம்பஸ் வரைக்கும் போய் உங்க எல்லாரையும் கூண்டுல ஏத்துவேன். வர்ற ஞாயித்துக்கிழமை அந்த ஆளோட படத்தைச் சர்ச் அறிவிப்புப் பலகையில ஒட்டலேன்னா நான் ஹாஸ்டெட்லரே இல்ல!"

நார்மா மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினாள்.

"ஒட்டறதுதான் ஒட்டறீங்க, நம்ம கல்யாண போட்டோவா பாத்து ஒட்டுங்க. அதுலதான் நான் நல்லா இருப்பேன்."