ஐந்து முகக் குத்துவிளக்கு

அமிர்தவல்லியின் கொல்லையில் எண்ணெய்க் கிணறு தோண்டிய பிறகு அந்தத் தெருவில் யாரும் அடுப்பு பற்றவைப்பதில்லை. கசியும் வாயு குப்பென்று பிடித்துக்கொள்ளும் என்ற பயம். அவள் பிள்ளைகள் ஊறவைத்த அவலைத் தின்றே வளர்ந்தார்கள்.

உள்நாட்டு எண்ணெய் உற்பத்தி முறையை மேம்படுத்த அரசு நிதியை வாரி இறைத்தது. அந்தப் பணத்தில், கசிவின் நாற்றத்தைப் போக்கும் ஒரு கருவி வந்தது. கசிவை அடைப்பது மட்டும் திட்டத்தில் இல்லை; அது பழங்காலத்து யோசனையாம்.

தொடக்க விழாவில் குத்துவிளக்கு ஐந்து முகமும் ஜொலித்தது. "இனிமே நாத்தமே வராதும்மா. கசிவு நின்னுபோச்சுன்னு வச்சுக்குங்க. தாராளமா சமைக்கலாம்" என்றார் அதிகாரி.

அமிர்தவல்லி மேடையேறிச் சுடரில் விரலை வைத்தாள். சுடவில்லை. பேட்டரி விளக்கு.

"கசிவுதான் நின்னுபோச்சே சார், அப்புறம் எதுக்கு இந்தப் பொம்மை விளக்கு? இருங்க, எங்க வீட்டு விளக்கைக் கொண்டாரேன். உங்க கையாலயே ஏத்திவைங்க."

பரணில் கிடந்த பித்தளை விளக்கைத் துடைத்து, திரி போட்டு, எண்ணெய் ஊற்றி அவள் எடுத்து வந்தாள். அதற்குள் அதிகாரியின் கார் தெருமுனை தாண்டியிருந்தது. ஆளில்லாத மேடையில் பேட்டரி விளக்கு மட்டும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

உள்ளே போய் ராத்திரிக்கு அவலை ஊறவைத்தாள்.