கடைசி வரி

ஆறு வயதுப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் மேசை விளிம்பில் இடித்தது.

எதிரே சிறப்பு ஆசிரியை. என் மகள் அவரைப் பார்த்தால் ‘பிக்கெட்’ என்பாள். ஒரு சொல் சொன்னால் ஒரு பிஸ்கட் தருவார் அவர். அதனால் எங்கள் வீட்டிலும் அவர் பிஸ்கட் மிஸ்தான்.

மகள் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஷூவின் ஒட்டுப்பட்டையைப் பிரிப்பதும் ஒட்டுவதுமாக இருந்தாள். கர்ர்க். கர்ர்க்.

கணவர் வருவதாகத்தான் சொல்லியிருந்தார். காலையில், “நீயே பேசிடு, உனக்குத்தான் இதெல்லாம் புரியும்” என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“முன்னாடி ஒரு கையெழுத்து, பின்னாடி ஒண்ணுக்கா. அவ்வளவுதான்.” பிஸ்கட் மிஸ் மகளின் அறிக்கையையும் பேனாவையும் நீட்டினார்.

அடுத்த மாதத்திலிருந்து, பிஸ்கட் மிஸ்ஸோடு தினமும் ஒரு மணி நேரம் என்பது வாரத்துக்கு இரண்டு மணி நேரமாகிவிடும். மீதி நேரமெல்லாம் நாற்பது பிள்ளைகளோடு, பொது வகுப்பின் கடைசி பெஞ்சில்.

அறிக்கையில் அதற்குப் பெயர் முன்னேற்றம்.

ஆள் குறைத்துவிட்டார்கள் என்பதுதான் காரணம். பிஸ்கட் மிஸ் அதைச் சொல்லமாட்டார். சொல்லக் கூடாது. அவர் காலடியில் துணிப்பை நிறைய கோப்புகள், அவற்றின் மேல் மதியம் கடித்து மூடி வைத்த பாதி ரொட்டி.

வாசித்தேன்.

‘மூக்குக் கண்ணாடியைக் கழற்றி எறியாமல் இருபது நிமிடம் உட்காரப் பழகியுள்ளாள்.’

“இவளுக்கு ஏதும்மா கண்ணாடி?”

பிஸ்கட் மிஸ் தாளைத் தன் பக்கம் திருப்பினார். முகம் சுண்டிப்போனது.

“ஐயோ, தப்பா எடுத்துக்காதீங்கக்கா. மூணு ஸ்கூல், முப்பத்தெட்டுப் பிள்ளைங்க. ஆபீஸ்ல மாடல் ரிப்போர்ட் ஒண்ணு குடுத்திருக்காங்க. அதுலதான் பேரை மாத்தி, வயசை மாத்தி… போன வாரம்தான் ஒரு அப்பாகிட்ட இதே வரிக்கு வாங்கிக் கட்டிக்கிட்டேன். கண்ணாடின்னு எழுதியிருக்கிறதே என் கண்ணுக்குத் தெரியல பாருங்க.”

சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் கொட்டாவியானது.

பிறகு ஸ்கேலை வைத்து அந்த வரியை அடித்து, ஓரத்தில் சின்னதாகக் கையெழுத்திட்டார்.

இந்த ஒரு வரி எனக்குப் போதும். அறிக்கையில் பிழை என்றால் இன்றைய கூட்டம் செல்லாது. அடுத்த கூட்டம் நடக்க மூன்று மாதமாகும். அதுவரை பழைய நேரத்தைக் குறைக்க முடியாது.

மூன்று மாதத்தில் அறுபது மணி நேரம். ‘தண்ணி’ என்ற சொல் வர ஒரு வருடம் ஆனது. அறுபது மணி நேரத்தில் இன்னொரு சொல் பாதியாவது வரலாம்.

ஆனால் பிஸ்கட் மிஸ்ஸுக்கு மெமோ வரும். அந்தத் துணிப்பையில் இன்னொரு காகிதம்.

கோபப்பட முயன்றேன். வரவில்லை. உடம்பெல்லாம் அசதிதான் இருந்தது.

கர்ர்க், என்றது வராந்தா.

தாளைத் திருப்புவதற்கு முன்பே பின்பக்கத்தின் கடைசி வரி எனக்குத் தெரியும். திருப்பினேன். அங்கேதான் இருந்தது.

‘பெற்றோரின் ஒத்துழைப்பு மிக நன்று.’

ஸ்கேல் வைக்காமல், கோணலாக, அதை அடித்தேன். பேனாவை மூடிக் கையெழுத்துக் கட்டத்தின் மேல் குறுக்காக வைத்தேன்.

“வேற தேதி போடுங்கம்மா.”

“அக்கா, கண்ணாடி வரியைத்தான் அடிச்சுட்டேனே.” அவர் குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. “இது சரியாத்தானே இருக்கு? இதை ஏன் அடிச்சீங்க?”

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவரிடம் இதுவரை சொன்னதில்லை. சொன்னால், நீங்களே வீட்டில் பார்த்துக்கொள்ளலாமே என்பார்கள்.

கண்ணாடி போட்ட அந்தச் சிறுமியை எனக்குத் தெரியும். கழற்றி எறிகிறாள் என்று நாடா வைத்துத் தலைக்குப் பின்னால் கட்டியிருப்போம். ஒன்பது வருடத்துக்கு முன், ஊரின் மறுகோடியில் இருக்கும் பள்ளியில், அவளுக்கு நான்தான் மிஸ். இன்றும் அங்கேதான் இருக்கிறேன், இதே மாதிரி ஒரு துணிப்பையோடு.

அவளைப் பற்றி நான் எழுதிய அறிக்கையைப் படித்த அதிகாரி, “அழகா எழுதியிருக்கீங்கம்மா, எல்லா ஸ்கூலுக்கும் அனுப்பிடலாமா?” என்று கேட்டார். அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவளுக்கும் நேரத்தைக் குறைக்கத்தான் சொல்லியிருந்தார்கள்.

அவளுடைய அம்மா இதுபோல ஒரு சின்ன நாற்காலியில், எழுந்துபோகத் தயாராக, நுனியில் உட்கார்ந்திருந்தாள். வேலைக்கு நேரமாகிறது என்று வாசலையே பார்த்தாள். நான் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். ஒரு வரி படிக்கவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை.

அவள் போன பிறகு, அப்பாடா என்று பெருமூச்சு விட்டேன். தாளின் அடியில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது.

அங்கேதான் அந்தக் கடைசி வரியை எழுதினேன்.