கராஜின் அடிக்கட்டை

பழைய கராஜின் மரச்சுவரை ஜாக்கி வைத்துத் தூக்கி, சுவரைத் தாங்கி இற்றுப்போயிருந்த அடிக்கட்டையை உருவிப் போட்டான் வெளியூர்த் தச்சன் ரஸ்.

“பனி உருகட்டும்னு ரோட்டுல தூவுறாங்களே, அந்த உப்புதான் பெரியவரே. வண்டியில ஒட்டுன உப்புப் பனி உருகி மரத்தை அரிச்சிருக்கு. பனியைத் தட்டிட்டு உள்ள விடக் கூடாதா?”

வீட்டுக்காரர் ஆர்விட் இற்ற கட்டையைக் காலால் புரட்டிப் பார்த்தார். மகன் டேரல் பனிப்புயலில் வண்டியோடு போய்த் திரும்பாத நாளிலிருந்து கராஜ் பூட்டியேதான் கிடந்தது. வேறு வண்டி எதையும் அவர் அதில் நிறுத்தியதில்லை.

புதுக் கட்டை ஏறியது. முதல் பனி விழுந்த மறுநாள் காலையில் பூட்டைத் திறந்து பார்த்தார். கட்டை நனைந்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தார், கரித்தது.

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த மனைவி லோர்னாவிடம் வந்து சொன்னார். அவள் நிமிரவில்லை.

“வருஷா வருஷம் முதல் பனி விழுற ராத்திரி கராஜுல வண்டிச் சத்தம் கேக்கத்தான் செய்யுது. வீட்டுக்குள்ளதான் வரமாட்டேங்கிறான்.”