எண்பதாவது தொடக்கம்

எடிட்டர் தணிகாசலம் கை வைத்த படத்தில் முதல் நான்கு நிமிடத்துக்குள் எவரும் கைபேசியை எடுத்ததில்லை. எடுக்க விடவும் மாட்டார். ஒரே படத்துக்கு எண்பது தொடக்கக் காட்சிகளைத் தொகுத்துக் கொடுப்பார். தியேட்டரில் தரும் கண்ணாடி, மாட்டியவரின் நாடியைப் பார்த்து, அவரைக் கட்டிப்போடும் காட்சியைத் தானே பொறுக்கி ஓட்டும்.

புதுப் படத்தின் முதல் காட்சிக்கு மனைவி குமுதாவையும் அழைத்துப் போனார். படம் தொடங்கியதும் அவள் இமைகூடக் கொட்டவில்லை. இடைவேளையில் மீசையை நீவிக்கொண்டே கேட்டார்.

"உனக்கு எது ஓடுச்சு? மழைச் சண்டையா, ரயில் கொள்ளையா?"

"ரெண்டும் இல்லீங்க. ஒருத்தர் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்றாரு. செருப்பைக் கழட்டிட்டு, பொண்டாட்டிகிட்ட 'நீ சாப்ட்டியா'ன்னு கேக்குறாரு."

எண்பது தேற வேண்டுமே என்று அவர் கடைசியாகச் சொருகிய காட்சி அது.

"அதுல பாக்க என்ன இருக்கு?"

"என்ன இப்படிச் சொல்லிட்டீங்க! அந்தப் பொண்ணு பதில் தெரியாம முழிக்குது. என்ன சொல்லப்போகுதோன்னு எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு."